இடது பின் சக்கரம்

செப்டம்பர் 15, ஞாயிறு

பதினொரு மணிக்கு டெம்போ வந்தது. விபத்தில் நொறுங்கிய ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பின்பக்கச் சாமான்கள் முழுவதும், சாக்கில் சுற்றி: ஷாக் அப்சார்பர் இரண்டு, சக்கரத்தை மேலும் கீழுமாகத் தாங்கும் ஆர்ம்கள், அச்சுகள், நக்கிள் இரண்டு. நக்கிள் என்பது சக்கரத்தை ஆர்மோடு சேர்த்துப் பிடிக்கும் அலுமினியத் துண்டு. விரித்த உள்ளங்கை அளவுதான் இருக்கும். வண்டியின் பின்பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது.

கொட்டகையில் தண்டபாணியின் பக்கி நிற்கிறது. கூரை, கதவு எதுவும் கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்து, மேடுபள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே கட்டிய வண்டி. (வெளியில் கணவரை ‘இவர்’ என்றுதான் சொல்வேன். இந்த நோட்டில் மட்டும் பெயர்.) இதுவரை அதில் பழைய ஜீப்பின் பின் அச்சு இருந்தது. பள்ளத்தில் இறங்கினால் கழுதை போல உதைக்கிறதாம். கார்ச் சாமானை மாட்டினால் இரண்டு பின் சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும். நவம்பர் பத்தாம் தேதி, கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் போட்டி. அதற்குள் மாற்றிவிட வேண்டும்.

பம்பு கம்பெனியில் இருபத்தேழு வருடம் இருந்தவரை ஏப்ரலில் விருப்ப ஓய்வு என்று சொல்லி அனுப்பினார்கள். விருப்பம் யாருடையது என்பது வேறு விஷயம். மே, ஜூன் இரண்டு மாதமும் லுங்கியோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அதைவிட இது மேல்.

நாத்தனார் பொன்மணி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். வடகம் கொடுக்க வந்தவள் சாக்கைப் பார்த்தாள்.

“ஏனுங்ணா, இது ஆருது வண்டி?”

வெல்டிங் செய்யும் ரசாக் பாய்க்கு எதையும் மறைக்கத் தெரியாது. “பல்லடம் ரோட்ல லாரிக்குள்ள வுட்டுட்டாப்லம்மா. சின்ன வயசு. இருபத்தாறு.”

“பொழச்சானா?”

“எங்கம்மா. அங்கியே முடிஞ்சுது.”

“செத்தவன் சாமானத்தையா ஊட்டுக்குள்ள கொண்டாந்து எறக்கறீங்க? அண்ணி, நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?”

“அலுமினியத்துக்கு யார் செத்தாங்கன்னு தெரியாது, பொன்மணி” என்றேன்.

தண்டபாணி உரக்கச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்டேன்.

வலது சக்கரம் ரிம்மோடு வந்திருக்கிறது. இடதுக்கு ரிம் இல்லை. கேட்டேன். “காயலாங்கடைக்காரன் வித்துப்போட்டானாம் மேடம். அடி பூராம் முன்னாலதான், பின்னால புதுசாட்டம் இருக்குது” என்றார் பாய்.

செப்டம்பர் 18, புதன்

ஒன்பது நாள் கழித்துக் குடிநீர் வந்தது. தொட்டி பாதிதான் நிரம்பியது.

செப்டம்பர் 29, ஞாயிறு

பாய் ஜீப் அச்சை அறுத்தெடுத்துவிட்டார். புதிய ஆர்ம்களைத் தாங்கப் பிராக்கெட் செய்ய வேண்டும். தண்டபாணி பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் படம் வரைந்து சுவரெல்லாம் ஒட்டியிருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் “ரெண்டு நிமிஷம் அம்மிணி” என்று சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வருகிறார்.

“ரோட்டுல ஓடறதுக்குச் செஞ்ச சாமான். நீங்க பள்ளத்துல குதிக்க வைக்கப் போறீங்க” என்றேன்.

“பக்கியோட எடை அந்தக் காருல பாதிதான்.”

“எடை பாதி. விழற உயரம்?”

“அதான் ஊட்டுல எம்.ஈ. படிச்ச பொண்டாட்டி இருக்கியே. கணக்குப் போட்டுக் குடு.”

போட்டுக் கொடுத்தேன். தாங்கும். பாகத்தில் பழுது இல்லாதவரை என்று கீழே எழுதி அடிக்கோடிட்டேன். பாய் தாளை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “மேடம் கணக்குப் போட்டா ஆர்.டி.ஓ.வே கையெழுத்துப் போட்ட மாதிரி” என்றார். அடிக்கோட்டை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

போட்டி நடத்துபவர்களிடமிருந்து கடிதம். விபத்து வண்டியிலிருந்து எடுத்த பாகங்களுக்கு விரிசல் சோதனைச் சான்று வேண்டும். நியாயமான விதி. நான் பொறுப்பாளராக இருக்கும் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் செய்கிற வேலைதான் இது. பூஜை விடுமுறை முடிந்ததும் பார்த்துத் தருகிறேன் என்றேன்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பொன்மணி காலையிலேயே வந்து கொட்டகையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வெல்டிங் மெஷின், ஸ்பேனர், சுத்தியல், பக்கி, பெஞ்சில் வரிசையாக வைத்திருந்த கார்ச் சாமான்கள், ஒன்றையும் விடவில்லை. சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம். இரண்டு நக்கிளுக்கும் மற்றவற்றைவிடக் கூடுதலாக. வளைவு, துளை, இடுக்கு எல்லாம்.

“இத்தனை எதுக்கு?”

“செத்தவன் கண்ணு இதுலதான் இருக்குமுங் அண்ணி. சக்கரத்தப் புடிக்கிறது இதுதானுங்களே, பாய் சொன்னாரு.”

பாய் என்னைப் பார்க்காமல் பொரியைத் தின்றுகொண்டிருந்தார். மாலையிலேயே துடைத்துவிடச் சொன்னேன். “இருந்துட்டுப் போகுது விடு, அவ மனசு நோகும்” என்றார் தண்டபாணி. சுண்டலில் உப்பு அதிகம்.

அக்டோபர் 14, திங்கள்

பாகங்களைக் காரில் கொண்டு போனேன். உதவியாளர் தேவகி லீவு. நானே செய்தேன்.

சோதனை எளிது. பாகத்தைச் சுத்தம் செய்து சிவப்புச் சாயம் தெளிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளிக்க வேண்டும். விரிசல் இருந்தால், அதற்குள் இறங்கிய சாயம் வெள்ளையின் மேல் சிவப்புக் கோடாக எழும்பி வரும்.

சாயம் ஊறிக்கொண்டிருந்தபோது பொன்மணியின் போன். மருதமலைக்கு எடுத்துப் போய் முருகன் காலடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று.

“நான் இங்க டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன். அது போதும்.”

“உங்களுக்கும் மனசுக்குள்ள ஏதோ உறுத்தறதாலதானுங் டெஸ்ட் பண்றீங்க?”

“விதி இருக்கிறதால பண்றேன்” என்று வைத்துவிட்டேன்.

ஆர்ம்கள் சுத்தம். வலது நக்கிள் சுத்தம். இடது நக்கிளில், கீழ் போல்ட் துளைக்கு மேலே உள்ள வளைவில் ஒரு சிவப்புக் கோடு. பதினெட்டு மில்லிமீட்டர். அளந்தது பழக்க தோஷம். அதே வளைவில்தான் பொன்மணி குங்குமத்தை அப்பியிருந்தாள். பக்கத்துத் துளையின் ஓரத்தில் காய்ந்த சந்தனம்கூட இருந்தது. ஆகவே குங்குமத்தின் மிச்சம். துடைத்துவிட்டேன். மறுசோதனை தேவைப்படவில்லை.

பொடி டப்பாவும் தீரும் நிலையில் இருந்தது. மணியும் ஐந்தரை.

ராத்திரிக்குத் தோசை.

அக்டோபர் 15, செவ்வாய்

சான்று தட்டச்சு செய்து கையெழுத்திட்டேன். ‘விரிசல் ஏதும் காணப்படவில்லை. த. சுகந்தி.’

அக்டோபர் 20, ஞாயிறு

மாட்டிவிட்டார்கள். பக்கி இப்போது பின்னங்காலை அகட்டி நிற்கும் பிராணி மாதிரி இருக்கிறது. தண்டபாணி பின்னால் ஏறி நின்று குதித்தார். வண்டியின் உடம்பு அமுங்கி மெல்ல எழுந்தது.

“பாத்தியா? பாத்தியா? பஞ்சு மெத்தையாட்டம்!”

“அண்ணே, நீங்க குதிக்கிறதுக்கே இந்தத் தாங்கு தாங்குது. மேடம், ஓட்டச் சொல்லாதீங்க, இப்படியே குதிச்சுக்கிட்டிருக்கட்டும்” என்றார் பாய்.

மதியம் எல்லோருக்கும் தண்டபாணியே தக்காளிச் சாதம் கிளறினார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் அவர் சமையலறைக்குள் வந்தது இது ஐந்தாம் முறையாக இருக்கலாம். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் இப்படிச் சிரிப்பதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

இடது நக்கிளின் வளைவு ஆர்முக்கு அடியில் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

அக்டோபர் 27, ஞாயிறு

செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கும் பொட்டல் காட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். நானும் போனேன். இருபது சுற்று. புழுதி வீட்டுக்குள் வரை வந்துவிட்டது. தலைக்கு இரண்டு தடவை ஷாம்பு போட வேண்டியிருந்தது.

வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் இடது பின்னாலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். பாய் படுத்துப் பார்த்தார். போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சக்கரத்தின் கோணம் இடம் மாறியிருந்தது. மூன்றாவது முறையாகச் சரிசெய்கிறார். வலது பக்கம் வைத்த இடத்தில் நிற்கிறது.

“இடது மட்டும் ஏன் மேடம் நிக்க மாட்டேங்குது?”

“மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் புதுசு. படியணும்” என்றேன்.

தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “மேடம் சொன்னாச் சரிதான்” என்றார். அதை ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை. பொன்மணி அதிரசமும் ஒரு தாயத்தும் கொண்டுவந்தாள். தாயத்தை ஸ்டியரிங்கில் கட்டப் போனவளைத் தடுத்தேன். கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டேன் போல. சாப்பிடாமல் போனாள்.

நவம்பர் 5, செவ்வாய்

வேலை அதிகமில்லாத நாள். மதியம் ஒரு சின்னப் பரிசோதனை செய்தேன். தேவகியின் மேஜை டிராயரில் குங்குமம் இருந்தது. ஒரு அலுமினியத் துண்டை எடுத்து, சந்தனம் குழைத்து, குங்குமம் அப்பி, மூன்று நாள் காய வைப்பதற்குப் பதிலாக ஹீட்டரில் காய வைத்தேன். பிறகு வழக்கம்போலச் சுத்தம் செய்து வெள்ளைப் பொடி தெளித்தேன்.

மங்கலான இளஞ்சிவப்புத் திட்டு வந்தது. ஓரம் இல்லாமல் பரவிய திட்டு. கோடு வரவில்லை.

திரும்பச் செய்தேன். திட்டு. இன்னொரு முறை. திட்டு.

“என்னங்க மேடம், குங்குமத்துக்கு ஏதாவது கம்பெனி டெஸ்ட் கேட்டிருக்காங்களா?” என்று தேவகி சிரித்தாள். ஆமாம் என்றேன்.

மாதிரியின் பரப்பு வேறு, வார்ப்பு வேறு. இதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நவம்பர் 6, புதன்

வழக்கமான வேலைகள்.

நவம்பர் 7, வியாழன்

சாயங்காலம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் டார்ச் எடுத்துக்கொண்டு பக்கிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஆர்ம் மறைக்கிறது. கழற்றாமல் பார்க்க முடியாது. எழுந்திருக்கும்போது முழங்கை சிராய்த்துவிட்டது. எப்படி என்று கேட்டார். கிணற்றடி என்றேன். நம் வீட்டில் கிணறு இல்லை என்பது இருவருக்குமே சட்டென்று தோன்றவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இன்று சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

அவர் ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். ஒரு கோடு பார்த்தேன். குங்குமம் என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். சான்றில் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

“ஏங்க, அந்த இடது பக்கத்த மாத்திட்டு ஓட்டலாமே.”

“எதுக்கு?”

“எனக்கு என்னமோ மனசு சரியில்ல. செத்தவன் சாமான்...”

இருபத்தைந்து வருடமாக உலோகத்தைப் பார்த்துவந்த என் வாயிலிருந்து இது வந்தது. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“அம்மிணி! நீயா? பொன்மணி மந்திரிச்சு வுட்டுட்டாளா உன்ன?”

“சிரிக்காதீங்க.”

“சரி, சிரிக்கல.” என் கையைப் பிடித்தார். “ஒண்ணு கேக்கறேன். லேப்ல இருந்து சொல்றியா, ஊட்டுல இருந்து சொல்றியா? லேப்ல இருந்து சொன்னீன்னா இந்த நிமிஷமே கழட்டிப்போடறேன். போட்டியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

“ஊட்டுல இருந்துதான்” என்றேன்.

“அப்ப அது பயம். பயம் எனக்கும் இருக்குது” என்று மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

கத்தரிக்காய் குழைந்துவிட்டது.

நவம்பர் 10, ஞாயிறு

ஐந்தரைக்குப் பக்கியை டெம்போவில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பொன்மணியும் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டேன்.

ஏழு மணிக்கு போனை எடுத்தேன். பால் கவர் வாங்கி வைத்தேன். எட்டேகாலுக்கு மறுபடி எடுத்தேன். அவர் பெயரை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நிறுத்தினேன். போட்டி ஒன்பதரைக்கு. ஒன்பது மணி வரைக்கும் போன் கையிலேயே இருந்தது. பிறகு அவர் ஹெல்மெட்டுக்குள் இருப்பார், எடுக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டு துணி துவைக்கப் போனேன்.

பத்து நாற்பதுக்குப் பாயின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

உயிர் இருக்கிறது.

மூன்றாவது சுற்றில், சரிவில் இறங்கித் தரையில் விழுந்ததும் இடது பின் சக்கரம் தனியாகக் கழன்று ஓடியிருக்கிறது. வண்டி நான்கு முறை உருண்டது. இடுப்பெலும்பு, இடது தொடை, மூன்று விலா. நேற்று ஆறு மணி நேர ஆபரேஷன். நடப்பதைப் பற்றி ஜனவரிக்குப் பிறகு பேசலாம் என்கிறார் டாக்டர்.

மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது, “நான் போட்ட பிராக்கெட்டு வுட்டுப்போச்சா?” இல்லை என்றார் பாய். “அப்ப வெல்டிங்கா?” அதுவும் இல்லை என்றார் பாய்.

நவம்பர் 16, சனி

வீட்டுக்குத் துணி எடுக்க வந்தேன். பொன்மணி ஏற்கெனவே வந்து வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பாய் ஒரு சிமெண்ட் சாக்கைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே இடது நக்கிள், இரண்டு துண்டாக.

உடைந்த முகத்தைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் புதிதாக, வெள்ளி மாதிரி பளபளத்தது. மீதி இரண்டு பங்கு பழைய உடைப்பு. மங்கி, அழுக்கேறி இருந்தது. லாரியில் மோதிய அன்றே தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் பழைய பகுதியின் வெளி ஓரம் முழுக்கச் சிவப்பு. உள்ளே வரை இறங்கிக் கறையாகப் படிந்த சிவப்பு. என் சாயம்.

பொன்மணி எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள்.

“அண்ணி! குங்குமம்! நான் வெச்ச குங்குமம் இரும்புக்குள்ள வரைக்கும் போயிருக்குது பாருங்!” அழுதாள். “அதுதானுங் எங்கண்ணன் உசுர இழுத்துப் புடிச்சு வெச்சிருக்குது. இல்லாட்டி அவன் கூட்டிட்டுப் போயிருப்பான்.”

துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

“இத ஊட்டுல வெக்க வேண்டாமுங். பேரூர் ஆத்துல உட்டுட்டு வந்தர்றேன். குடுங் அண்ணி.”

கை நீட்டினாள். ஆற்றுக்குப் போனால் எல்லாம் முடிந்தது. விபத்து வண்டி, செத்தவன், கண்ணு, குங்குமம். ஊரே ஏற்றுக்கொள்ளும் விளக்கம். தண்டபாணிகூடச் சிரித்துவிட்டு ஏற்றுக்கொள்வார்.

பாய் சிவப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பது வருடம் உலோகத்தோடு வேலை செய்தவர். வெளியே போய்த் தன் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே சுத்தமாக இருந்த வண்டியை.

“இது எனக்கு வேணும், பொன்மணி” என்றேன். சாக்கை என் காரில் வைத்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

காலையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், சான்று தவறு, ரத்து செய்யவும் என்று நிர்வாகத்துக்கும் போட்டி நடத்தியவர்களுக்கும் எழுதினேன். பிறகு ஆஸ்பத்திரி.

இட்லி ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டுச் சொன்னேன். வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்திருந்த அதே மூன்று வாக்கியம். கூட எதுவும் சேர்க்கவில்லை.

கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“எப்பத் தெரியும்?”

“போன மாசம் பதினாலாம் தேதி கோட்டைப் பார்த்தேன். இந்த மாசம் அஞ்சாம் தேதி குங்குமம் இல்லைன்னு தெரிஞ்சுது.”

“நான் கேட்டது எட்டாம் தேதி.”

“ஆமா.”

நர்ஸ் வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். கூடியிருக்கிறது, பேச்சைக் குறைங்க சார் என்றாள். அவள் போனதும், “பொன்மணிகிட்டச் சொல்லிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“சொல்லாத. அவ ஒண்ண நம்பிட்டிருக்கறா. அது அவளுக்கு இருக்கட்டும்.”

என்னைக் காப்பாற்றுகிறார் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். கட்டிலின் பக்கத்தில் நகர்ந்து அவர் கையைத் தொட்டேன். இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

“ராத்திரிக்கு அவளையே வந்து இருக்கச் சொல்லு” என்றார். “நாளைக்கும் அவளே இருக்கட்டும்.”

போன் செய்தேன். அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்தாள், கம்பளியோடும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கோடும். “உங்களுக்கு முடியலீங்களா அண்ணி? போய்ப் படுங், நான் பாத்துக்கறேன்” என்றாள்.

என் பையை எடுத்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை. தூங்கும்போது அவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.